மகளின் உயரத்தில் நான் திருடிய மூன்று அங்குலம்

என் மகளைத் தங்கள் அணியில் சேர்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஆஸ்திரேலியக் கால்பந்துக் கிளப் ஒன்றுக்கு, அவள் அனுஷ நட்சத்திரம், செவ்வாய் தோஷம் கிடையாது என்று எழுத்து மூலம் உறுதி கொடுத்தவன் நான். வேறு யாராவது கண்டுபிடித்துச் சிரிப்பதற்கு முன் நானே சொல்லிவிடுவது கௌரவம் என்று தோன்றுகிறது. அதோடு நின்றிருந்தால் பாதகமில்லை. அனுஷம் என்பதை ஏதோ ஒவ்வாமை என்று நினைத்து அவர்கள் கடந்து போயிருப்பார்கள். ஆனால் நான் அவளுடைய உயரத்தையும் எழுதினேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

முதலில் என் தகுதிகளைச் சொல்லிவிடுகிறேன். ஆக்லாந்து நகர மையத்தில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் எனக்கு வேலை. ஆயுள் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் தங்கள் உயரத்தையும் எடையையும் மாற்றி எழுதியிருக்கிறார்களா என்று மோப்பம் பிடிப்பது என் பிரிவின் பணி. பதினாறு வருடமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். மீதி நேரத்தில் தமிழில் எழுதுவேன். பெண் பார்க்கும் சடங்கைக் கண்டித்து ஒரு சிற்றிதழில் மூன்று பகுதிகளாகக் கட்டுரை எழுதினேன். இரண்டாம் பகுதி வெளியானதும் இதழ் நின்றுபோயிற்று. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று ஆசிரியர் பெருந்தன்மையாகச் சொன்னார்.

நான் தஞ்சாவூர்ப் பக்கம். மனைவி யாழ்ப்பாணம். இந்த ஊரில் சந்தித்து, ஜாதகம் என்ற பேச்சே எடுக்காமல் மணந்துகொண்டோம். ஆனாலும் எழுதத் தெரிந்தவன் என்ற ஒரே குற்றத்துக்காக, சொந்தக்காரர் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் கல்யாண பயோடேட்டா தயாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஆங்கிலத்தில் மாதிரிக் கோப்பு ஒன்று வைத்திருக்கிறேன். பெயரை மாற்றினால் போதும், பெண் மாறிவிடுவாள். பதினொரு பயோடேட்டா எழுதி ஒன்பது கல்யாணம் நடந்திருக்கிறது. மூன்றாம் பகுதி வராமல் போனது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று பாருங்கள்.

மகள் இங்கே பிறந்தவள், பதினேழு வயது, ஆறடி. நான் ஐந்தடி நான்கு. அவளுடைய உயரம் எங்கிருந்து வந்தது என்று இரண்டு குடும்பங்களும் ஒன்றை ஒன்று சந்தேகத்தோடு பார்த்துக்கொள்கின்றன. வீடியோ அழைப்பில் வரும் என் அத்தை ஒவ்வொரு தடவையும், "போதும்மா, இதோட நிறுத்திக்கோ. மாப்பிள்ளைக்கு உங்கப்பன் எங்க போவான்?" என்பாள். மகள் பேசுவதெல்லாம் ஆங்கிலம். அதை நான் தமிழில் தருகிறேன். அதனால் இங்கே அவள் பேச்சில் மரியாதை கொஞ்சம் கூடுதலாகத் தெரியலாம்.

அவளுக்கு அந்த ஆட்டத்தை அறிமுகப்படுத்தியவர் எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் மலேசியத் தமிழ் நண்பர். கட்டடங்களுக்கு எவ்வளவு செங்கல், எவ்வளவு கம்பி என்று கணக்குப் போடுகிற உத்தியோகம். பெர்த்தில் படித்தபோது அவருக்கு அந்த ஆட்டத்தின்மேல் பைத்தியம் பிடித்து, இன்னும் தெளியவில்லை. ரக்பியை மூச்சாகக் கொண்ட ஊரில் இருந்துகொண்டு ஆஸ்திரேலியக் கால்பந்து பார்க்கிறவரை அக்கம்பக்கத்தில் சற்றுப் பரிதாபமாகத்தான் நடத்துவார்கள். ஒரு நாள் நெட்பால் விளையாடிவிட்டு வந்த என் மகள் கையில் முட்டை வடிவப் பந்து ஒன்றைத் திணித்து, "பிள்ளை, இத உதைச்சுப் பாரு லா," என்றார். அவள் உதைத்தாள். பந்து எங்கள் கூரையைத் தாண்டி, பக்கத்து வீட்டுக் கூரையையும் தாண்டிப் போயிற்று. அடுத்த வாரமே பெண்கள் அணி ஒன்றில் சேர்ந்துவிட்டாள்.

ஆட்டம் எனக்கு முழுதாகப் புரிந்ததாகச் சொல்லமாட்டேன். புரிந்த மூன்றைச் சொல்கிறேன். ஒன்று, ஆளுக்கு முன் ஆகாயத்தில் எழும்பி, தேவைப்பட்டால் அடுத்தவர் முதுகில் முழங்காலை ஊன்றி ஏறி, பறந்து வரும் பந்தைப் பிடிக்கலாம். அதற்கு 'மார்க்' என்று பெயர். முதுகைக் கொடுத்தவருக்கு ஒன்றும் கிடையாது. இரண்டு, நடுவர் பந்தை மேலே போடும்போது அதை எட்டித் தட்டிவிட ஒவ்வொரு அணியிலும் ஓர் உயரமான ஆள் வேண்டும். அந்த இடத்துக்கு 'ரக்'. என் மகள் ரக். மூன்று, நடுக்கம்பங்களுக்கு இடையில் உதைத்தால் ஆறு புள்ளி, குறி தப்பிப் பக்கத்தில் போனாலும் ஒரு புள்ளி. தவறவிட்டதற்கும் புள்ளி தருகிற ஒரே ஆட்டம் இதுவாகத்தான் இருக்கும். நான் வாழ்க்கையில் எடுத்த புள்ளிகள் அனைத்தும் இந்த இனத்தைச் சேர்ந்தவை என்பதால், பார்த்த முதல் நாளே எனக்கு ஆட்டத்தின்மேல் மதிப்பு வந்துவிட்டது.

இரண்டு வருடம் ஆடினாள். மூன்றாம் வருடம், டிராஃப்ட் என்ற சொல் வீட்டுக்குள் வந்தது.

"அது என்னன்னா அண்ணே," என்று நண்பர் எங்கள் சமையலறையில் உட்கார்ந்து விளக்கினார். "ஒவ்வொரு வருசமும் லீக்ல இருக்கிற எல்லா கிளப்பும் வரிசையா உட்கார்ந்து சின்னப் பிள்ளைங்களப் பொறுக்கும். ஆகக் கடைசியா வந்த கிளப்புக்கு முதல் சான்ஸ். கூப்பிட்டுட்டா அவ்வளவுதான். அந்த ஊருக்குப் போய்த்தான் ஆகணும்."

"பொண்ணுக்கு இஷ்டமான்னு கேக்க மாட்டாங்களா?"

"கேக்க மாட்டாங்க."

"பெட்டியக் கட்டிக்கிட்டுக் கெளம்ப வேண்டியதுதானா?"

"ஆமா லா."

நான் மனைவியைப் பார்த்தேன். "என்னை ஏன் பாக்கிறீங்கள்? உங்கட கட்டுரையில நீங்கள் எழுதினதுதானே இது," என்றாள் அவள்.

அந்த வருடம் மெல்போர்ன் கிளப் ஒன்று கடல் தாண்டியும் ஆள் தேடியது. ஒரு சனிக்கிழமை காலையில் ஆக்லாந்திலேயே, மவுண்ட் வெல்லிங்டன் பக்கத்தில் ஓர் உள்ளரங்கத்தில் பரிசோதனை நாள் நடத்தினார்கள். மகளைக் காரில் கொண்டுபோய் விட்டேன். உள்ளே ஓடவிட்டார்கள், தாவவிட்டார்கள் என்று கேள்வி. நான் கார் நிறுத்துமிடத்திலேயே இருந்துவிட்டேன். கையில் எழுநூறு பக்க ருஷ்ய நாவல் இருந்தது. கதாநாயகன் கடனிலும் காதலிலும் ஒரே சமயத்தில் விழுந்திருந்தான். அவனை அந்த நிலையில் விட்டுவிட்டு உள்ளே போக மனம் வரவில்லை.

பத்து நாளில் மின்னஞ்சல் வந்தது. கிளப்பின் தேர்வாளர் ஒரு பெண்மணி. வீட்டுக்கு வந்து குடும்பத்தைப் பார்க்க விரும்புவதாகவும், அதற்கு முன்பாக ஒரு பக்க அறிமுகக் குறிப்பு அனுப்புமாறும் எழுதியிருந்தார். உயரம், எடை, காயங்கள், குடும்பப் பின்னணி, குணநலன்.

மகளுக்குப் பள்ளி இறுதித் தேர்வு நெருங்கியிருந்தது. "அப்பா, நீங்களே எழுதிவிடுங்கள். சின்னதாக இருக்கட்டும். நகைச்சுவை வேண்டாம்," என்றாள்.

நான் கணினி முன் உட்கார்ந்தேன். வெற்றுப் பக்கம் என்னைப் பார்த்தது. உயரம், எடை, குடும்பம், குணம். எங்கேயோ பார்த்த பட்டியலாக இருக்கிறதே என்று நினைத்தேன். என் கை தானாகவே போய் அந்த மாதிரிக் கோப்பைத் திறந்தது.

அதற்குப் பிறகு நடந்ததற்குப் பழக்கத்தின்மேல்தான் பழி போடவேண்டும். நட்சத்திரம் என்ற கட்டம் காலியாக இருந்ததால் நிரப்பினேன். செவ்வாய் தோஷம் பற்றிய வரி ஏற்கனவே இருந்தது, அடிக்கவில்லை. 'அமைதியானவள், பெரியோரிடம் மரியாதை உள்ளவள்' என்று எழுதினேன். முந்தைய வாரம்தான் அவள் எதிரணிப் பெண் ஒருத்தியை இடித்துத் தள்ளி, அந்தப் பெண் எழுந்திருப்பதற்கு ஐந்து நிமிடம் பிடித்திருந்தது. தாய்மாமனுக்கு சிட்னியில் சொந்த வீடு என்பதைச் சேர்த்தேன். விளையாடும் படம் கேட்டிருந்தார்கள். பட்டுப்பாவாடையில் குத்துவிளக்குப் பக்கத்தில் நிற்கும் முழு உருவப் படம்தான் தெளிவாக இருந்தது. அதை வைத்தேன். கடைசியில் 'எதிர்பார்ப்பு' என்ற தலைப்பின் கீழே, ஒன்றுவிட்ட தங்கை மகளுக்காக நான் எழுதிய வரி அப்படியே கிடந்தது: 'குடிப்பழக்கம் இல்லாத, நிலையான வருமானமுள்ள, மெல்போர்னில் வசிக்கும் நல்ல குடும்பம் விரும்பத்தக்கது.' மெல்போர்ன் என்று இருந்ததால் பொருத்தம் என்றே விட்டுவிட்டேன்.

உயரத்துக்கு வந்தேன். ஆறடி என்று எழுத விரல் மறுத்தது. பையன் வீட்டார் ஐந்தடி ஒன்பது வரை தாங்குவார்கள். அதற்கு மேல் போனால், 'பையன் கொஞ்சம் யோசிக்கிறான்' என்று செய்தி வரும். பதினொரு பயோடேட்டா கற்றுக்கொடுத்த பாடம் இது. நான் யோசிக்கவேயில்லை. ஐந்தடி ஒன்பதை சென்டிமீட்டராக்கி, நூற்று எழுபத்தைந்து என்று தட்டினேன். கீழே 'மேற்கண்ட விவரங்கள் உண்மை' என்ற வரியில் கையெழுத்திட்டு அனுப்பினேன். பிறகு தேநீர் குடித்தேன். நன்றாக இருந்தது.

மறுநாள் மாலை நண்பர் துள்ளிக்கொண்டு வந்தார். "அண்ணே, நம்ம பிள்ளைக்கு நல்ல சான்ஸ்! அந்த கிளப் ரக் ஆளுக்குத்தான் அலையுது. இருந்த ஒருத்திக்கு முழங்கால் போச்சு. உயரமான பிள்ளைதான் வேணுமாம். ஆறடிக்குக் கீழ இருந்தா திரும்பியே பார்க்க மாட்டாங்க லா."

என் கையில் இருந்த தோசைக்கரண்டி நின்றது. "ஆறடிக்குக் கீழன்னா, இப்ப ஒரு ஐந்து ஒன்பது..."

"ஐந்து ஒன்பதா? அந்த உயரத்துல அவங்க ஊர்ல தெருவுக்கு நாலு பேர் இருக்காங்க. அதுக்கு எதுக்கு ஆக்லாந்து வரணும்?"

நண்பர் போனதும் மனைவியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"எத்தினை எண்டு எழுதினனீங்கள்?"

"நூத்தி எழுபத்தஞ்சு."

"கூரையில லைட் மாத்துறதே அந்தப் பிள்ளைதான். உங்களுக்கென்ன, விசரே?"

"கை தவறிடுச்சு."

"ஊர் ஆக்களெல்லாம் பொய் எழுதுகினம் எண்டு கண்டுபிடிக்கத்தானே உங்களுக்குச் சம்பளம் தாறாங்கள்?"

திருத்தி இன்னொரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். என் தொழில் தெரியாததால் நினைக்கிறீர்கள். அனுப்பிய பிறகு உயரத்தைத் திருத்துகிறவனை நாங்கள் என்ன செய்வோம் தெரியுமா? அவனுடைய மொத்தக் கோப்பையும் சிவப்புத் தட்டில் எடுத்து வைப்போம். உயரத்தில் பொய் சொன்னவன் முழங்காலிலும் சொல்லியிருப்பான் என்பது எங்கள் பிரிவின் வேதம். என் மகளைச் சிவப்புத் தட்டில் வைக்க எனக்குத் தைரியமில்லை.

அவளிடமும் சொல்லவில்லை. சொல்லத்தான் போனேன். பின்கட்டில் வேலிக்குப் பக்கத்தில் பந்தைத் தலைக்கு மேல் எறிந்து எறிந்து பிடித்துக்கொண்டிருந்தாள். தேர்வுக்குப் படிக்கிற பெண் ஒவ்வொரு மாலையும் இருட்டும் வரை இதைச் செய்வாள்.

"கிடைக்கலேன்னா என்ன? யுனிவர்சிட்டி இருக்கு," என்றேன் பொதுவாக.

பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு, வருடத்துக்கு நாலைந்து முறை மட்டும் வெளியே எடுக்கிற தன் தமிழை எடுத்தாள். "எனக்கு வேணும்பா."

உள்ளே வந்துவிட்டேன்.

தேர்வாளர் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வருவதாக எழுதினார். நண்பர் முகம் சுருங்கியது. "ஞாயிறு நாலரைலருந்து ஆறு ராகு காலம் லா."

நான் பகுத்தறிவாளன். ஆகவே, எங்கள் வசதிக்காக நாலு மணிக்கு வர முடியுமா என்று மட்டும் கேட்டு எழுதினேன். வருகிறேன் என்றார். அன்று மோட்டார்வேயில் நெரிசல். நாலு முப்பத்தைந்துக்குத்தான் வாசலில் கார் நின்றது. நான் நண்பரைப் பார்த்தேன்.

"பயப்படாதீங்க. இப்ப டேலைட் சேவிங். கடிகாரத்த ஒரு மணி முன்னால தள்ளி வச்சிருக்கோம். நெசமா மணி மூணு முப்பத்தஞ்சு. ராகு இன்னும் கெளம்பவே இல்ல."

என் திட்டம் எளிமையானது. காகிதத்தில் இருக்கும் எண்ணைத் தேர்வாளர் எடுத்துப் பேசுவதற்கு முன்பு, அவள் ஆறடி என்பதை அவர் கண்ணால் பார்த்துவிட வேண்டும். பார்த்துவிட்டால் அச்சுப்பிழை என்று நினைத்துக்கொள்வார். அதற்கு அவள் நிற்க வேண்டும், நடக்க வேண்டும். எதையாவது ஏந்திக்கொண்டு வந்தால் நல்லது.

நான் சொல்ல வருவது உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்கும் அந்த நிமிடத்தில்தான் புரிந்தது. கண்டித்து எழுதிய சடங்கை, பஜ்ஜி கேசரியோடு என் வீட்டு வரவேற்பறையிலேயே நடத்த ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன்.

"எங்கட பக்கம் ஆரும் வந்தால் ரோல்ஸும் கட்லட்டும்தான். பஜ்ஜி ஏன்?" என்றாள் மனைவி.

"இதுக்கு பஜ்ஜிதான்," என்றேன். பிஜி இந்தியர் கடையில் வாழைக்காய் வாங்கி வந்து நானே சீவினேன், நானே பொரித்தேன். மகள் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காக, வரவேற்பறையில் இருந்த நாற்காலிகளைக் கராஜில் கொண்டுபோய்ப் போட்டேன். விருந்தாளிக்கு ஒரு சோபா, நடுவில் ஒரு குட்டை மேசை. வழியில் நின்ற துடைப்பத்தையும் சேர்த்துக் கராஜில் வைத்தேன். இந்தத் துடைப்பத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வாளர் ஐம்பது வயதுக்காரர், குள்ளம், ஆட்டக்காரியாக இருந்து ஓய்வு பெற்றவர். காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்தார். பக்கத்தில் மனைவியும் உட்கார்ந்துவிட்டாள். நண்பர் குடும்பப் பெரியவர் பாவனையில் சுவரோரம் நின்றார். மகள் உள்ளறையிலிருந்து அரைக்கால் சட்டையோடு வந்தாள். நாற்காலிகளைத் தேடினாள். இல்லை. சட்டென்று தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

தரையில் உட்கார்ந்துவிட்டால் ஆறடிக்காரியும் ஐந்தடிக்காரியும் ஒன்றுதான். பஜ்ஜித் தட்டோடு நான் வாசற்படியில் சிலையாக நின்றேன்.

"அம்மா, வந்தவங்களுக்கு பஜ்ஜி எடுத்துக் கொடேன்," என்றேன்.

"தட்டு உங்கள் கையில்தானே இருக்கிறது?" என்றாள் மகள்.

கொடுத்தேன். தேர்வாளர் ஒரு பஜ்ஜி எடுத்தார். நன்றாக இருக்கிறது என்று இன்னொன்று எடுத்தார். பிறகு கேள்விகள் ஆரம்பித்தன. ஒவ்வொன்றிலும் என் காகிதம் எட்டிப் பார்ப்பதாக எனக்குத் தோன்றியது.

"அணியில் சில பெண்கள் வார இறுதியில் குடிப்பார்கள். அதனால் உனக்குச் சங்கடம் உண்டா?" என்று கேட்டார். எதிர்பார்ப்பு என்ற தலைப்பு என் நெஞ்சில் இடித்தது. "அவங்க குடிக்கட்டும், தாராளமாக் குடிக்கட்டும்," என்று நான் குறுக்கே விழுந்தேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பக்கத்து நகரங்களில் சொந்தக்காரர்கள் யாராவது?" சிட்னி மாமன் வீடு! பஜ்ஜித் தட்டை மறுபடியும் அவர் முன் நீட்டினேன்.

"சமைக்கத் தெரியுமா? முதல் வருடம் இன்னும் இரண்டு பெண்களோடு வீட்டில் தங்கவேண்டியிருக்கும்."

"முட்டை பொரிப்பேன்," என்றாள் மகள்.

தேர்வாளர் சிரித்தார். "சரி. கடைசியாக ஒன்று. பாடத் தெரியுமா?"

 மனைவி மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையின் எடையை எந்தப் படிவத்திலும் எழுத முடியாது. ஜெயித்த பிறகு எல்லோரும் வட்டமாக நின்று கிளப் பாட்டைக் கத்திப் பாடவேண்டும், அதற்காகக் கேட்டேன் என்று தேர்வாளர் விளக்கினார். விளக்கம் காதில் விழுந்தது. ஆனால் அதற்குள் என்னுடைய மூன்றாம் பகுதி என் கண் முன்னால் எழுதப்பட்டுவிட்டது.

"பாடு பிள்ளை, எழும்பி நிண்டு பாடு," என்றாள் மனைவி. இத்தனைக்கும் பிறகு என் திட்டத்துக்குக் கை கொடுத்தாள் பாருங்கள், அதற்குப் பெயர்தான் இல்லறம்.

"உட்கார்ந்துகொண்டே பாடுவேன்," என்றாள் மகள். பாடவும் செய்தாள். நண்பர் சொல்லிக்கொடுத்த அதே கிளப் பாட்டு. இரண்டாவது வரியில் நண்பரும் சேர்ந்துகொண்டார்.

அப்போதுதான் புகை மணி அலறியது.

அடுப்பை அணைக்க மறந்துவிட்டிருந்தேன். எங்கள் வரவேற்பறைக்குச் சாய்ந்த கூரை. மணி உச்சியில் இருக்கிறது. அது கத்தும்போதெல்லாம் துடைப்பக் கட்டையால் குத்துவது வழக்கம். துடைப்பம் கராஜில் இருந்தது. தேர்வாளர் இரு காதுகளையும் பொத்திக்கொண்டார். நண்பர் கராஜ் திசையில் ஓடினார். மனைவி சமையலறைக்கு ஓடினாள். நான், மூளை நின்றுபோன மனிதர்கள் செய்வதைப் போல, குட்டை மேசை மேல் குனிந்து கேசரிக் கிண்ணத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

பின்னால் இரண்டு காலடிச் சத்தம். என் முதுகில் ஒரு முழங்கால் வந்து இறங்கியது. ஒரு கணம் முழுப் பாரமும் என்மேல் நின்றது. அடுத்த கணம் அது மேல்நோக்கிப் போய்விட்டது. நான் கீழ்நோக்கிப் போனேன்.

சத்தம் நின்றது. கேசரியிலிருந்து முகத்தை எடுத்துப் பார்த்தேன். மகள் அறை நடுவில் நின்றிருந்தாள். கூரையிலிருந்து பிடுங்கிய புகை மணியை, பந்தை அணைத்துப் பிடிப்பது போல் இரு கையாலும் மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். முழு ஆறடி. கூந்தலில் கொஞ்சம் கூரைத் தூசி.

தேர்வாளர் சோபாவை விட்டு எழுந்திருந்தார். "மார்க்," என்றார் தாழ்ந்த குரலில், கோயிலில் பேசுவது போல.

துடைப்பத்தோடு மூச்சிரைக்க வந்து நின்ற நண்பர், "நான் பார்க்கல, நான் பார்க்கல! இன்னொரு தடவை செய் பிள்ளை!" என்றார். எனக்கு எழுந்திருக்க யாரும் கை கொடுக்கவில்லை. முன்பே சொன்னேனல்லவா, முதுகைக் கொடுத்தவருக்கு ஒன்றும் கிடையாது.

மிஞ்சிய பஜ்ஜியை மனைவி ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். வாசலில் காலணியை மாட்டிக்கொண்டே தேர்வாளர் சொன்னார்: "கலந்து பேசிவிட்டுத் தகவல் சொல்கிறோம்."

பதினொரு பயோடேட்டா எழுதிய எனக்கு இந்த வாக்கியத்தின் அர்த்தம் தெரியும். ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்றவர்கள் யாரும் கடிதம் போட்டதில்லை. ஊருக்குப் போய்க் கோப்பைத் திறப்பார். நூற்று எழுபத்தைந்து என்று இருக்கும். கண்ணால் பார்த்தது ஒன்று, காகிதத்தில் இருப்பது வேறு. சிவப்புத் தட்டு.

அடுத்த மூன்று வாரமும் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. அலுவலகத்தில் ஒரு மனிதர் தன் எடையைப் பத்து கிலோ குறைத்துப் போட்டிருந்தது பிடிபட்டது. அவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்க வேண்டியவன், 'தட்டச்சுப் பிழையாக இருக்கலாம்' என்று குறிப்பெழுதி அனுமதித்துவிட்டேன். பதினாறு வருடத்தில் முதல் கருணை. மேலாளர் எனக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

டிராஃப்ட் நாளன்று மடிக்கணினியைக் குட்டை மேசையில் வைத்து, நாலு பேரும் சோபாவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். நாற்காலிகள் திரும்பி வந்திருந்தன. யாரும் அவற்றில் உட்காரவில்லை. கிளப் ஒவ்வொன்றாக அழைத்தது. பெயர்கள் வந்தன, எல்லாம் வேறு வீட்டுப் பெயர்கள். எங்கள் மெல்போர்ன் கிளப் முதல் சுற்றில் ஒருத்தியை எடுத்தது. இரண்டாம் சுற்றில் இன்னொருத்தி. நண்பர் பேச்சை நிறுத்திவிட்டார். அவர் வாயை மூடியதை அன்றுதான் பார்த்தேன். மகள் சோபாத் தலையணையைப் பந்து போல இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் மனத்துக்குள் ஒரு பேச்சைத் தயாரித்துக்கொண்டிருந்தேன். 'அம்மா, அப்பா ஒரு காரியம் செய்துவிட்டேன்' என்று அது ஆரம்பித்தது.

கடைசியிலிருந்து நாலாவது பெயர் அவளுடையது.

அதன் பிறகு கொஞ்ச நேரம் யார் என்ன செய்தார்கள் என்று சொல்ல முடியாது. மகள் தன் அம்மாவைத் தூக்கிக்கொண்டு சுற்றினாள். "விடு, விடு, தலை இடிக்கும்!" என்று மனைவி சிரிப்பும் அழுகையுமாகக் கத்தினாள். நண்பர் கிளப் பாட்டை இரண்டு வேறு சுருதிகளில் பாடினார். என் கண்ணாடி நனைந்திருந்தது. புகை என்று சொல்ல அன்றைக்கு பஜ்ஜியும் இல்லை.

அடுத்த சில நாள் நான் தாங்க முடியாத மனிதனாக இருந்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். கோயிலிலும் கடையிலும் கண்டவர்களிடமெல்லாம், அந்தத் தாவலுக்கு முதுகு கொடுத்தது நான்தான் என்று சொல்லித் திரிந்தேன். அத்தையிடம், உயரத்துக்காகத்தான் எடுத்தார்கள் என்று சற்றுக் கடுமையாகவே சொன்னேன். "சரி, மாப்பிள்ளைக்கு எங்க போவ?" என்றாள் அத்தை.

ஆனால் அந்த எண் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒப்பந்தம் வரும், மருத்துவப் பரிசோதனை வரும், இரண்டு உயரங்களும் ஒரே மேசையில் சந்திக்கும். அதற்கு முன் சொல்லிவிடுவதே முறை. விமானச் சீட்டு விஷயமாகத் தேர்வாளர் தொலைபேசியில் அழைத்தபோது, எல்லாவற்றையும் ஒப்பித்தேன். மூன்று அங்குலத்தைத் திருடியது, ஏன் திருடியது, எங்கள் சமூகத்தில் உயரமான பெண்களின் நிலை, பையன் வீட்டாரின் மனோபாவம், அனுஷம், குத்துவிளக்கு, குடிப்பழக்கம் இல்லாத நல்ல குடும்பம். மூன்றாம் பகுதி முழுவதையும் கடைசியில் அந்த அம்மாள் காதில்தான் வெளியிட்டேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். 

"எந்தக் காகிதம்?" என்றார்.

"வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி கேட்டீங்களே, ஒரு பக்கக் குறிப்பு."

"ஓ, அதுவா! உயரமெல்லாம் அந்தப் பரிசோதனை நாளன்றே நாங்கள் அளந்துவிட்டோமே. அந்தப் பக்கத்தை நாங்கள் யாரும் திறப்பதில்லை. டிராஃப்ட் முடியும் வரை அப்பாக்களுக்குக் கையில் ஏதாவது வேலை இருக்கட்டும் என்றுதான் கேட்டு வாங்குகிறோம்."